பெயர், கடவுச்சொல், சீட்டு, உரிமை: கலப்பு வலையமைப்புகளில் பிழை தேடிய வரலாறு

ஒரே நிறுவனத்துக்குள் விண்டோஸ், யூனிக்ஸ், லினக்ஸ், மெக்கின்டாஷ் எனப் பல இயங்குதளங்களில் இயங்கும் கணினிகள் இணைந்து, பொதுவான சர்வர்களில் உள்ள கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு கலப்பு வலையமைப்பு எனப்படுகிறது. இத்தகைய அமைப்பில் ஒரு பயனர் கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டுமானால் நான்கு கேள்விகளுக்கு வரிசையாக விடை கிடைத்தாக வேண்டும்: கோப்பை வைத்திருக்கும் சர்வர் எங்கே உள்ளது, கோப்பைக் கேட்பவர் தாம் சொல்லிக்கொள்ளும் நபர்தானா, அந்த நபரைச் சர்வர் தன் பதிவேட்டில் யாராக அறிகிறது, அவருக்கு அக்கோப்பின் மீது என்ன உரிமை உண்டு. நான்கில் எது தவறினாலும், அனுமதி இல்லை என்றோ சர்வரை அணுக முடியவில்லை என்றோ பொதுப்படையான அறிவிப்பு ஒன்றே பெரும்பாலும் பயனரின் திரையில் தோன்றும். பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. இந்தக் கேள்விகளுக்கான விடைகளை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில், பெரும்பாலும் மற்றவற்றைக் கருத்தில் கொள்ளாமலேயே உருவாக்கின. ஆகவே, ஒவ்வொரு படியாகச் சோதித்துக்கொண்டு போகும் தொழில்நுட்பர், தாம் அறிந்தோ அறியாமலோ, இத்துறையின் வரலாற்று அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துசெல்கிறார்.

இரண்டு மரபுகள்

1983ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் தனிக்கணினி வலையமைப்புக்காக சைடெக் என்னும் நிறுவனம் நெட்பயாஸ் என்ற இடைமுகத்தை உருவாக்கியது. சில பத்துக் கணினிகள் மட்டுமே சேர்ந்த சிறிய வலையமைப்பை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டதால், அதில் ஒவ்வொரு கணினியும் பதினாறு பைட் நீளமுள்ள பெயர் ஒன்றைத் தானே சூட்டிக்கொண்டு, அப்பெயரில் வேறு எவரும் உண்டா என்று எல்லாக் கணினிகளுக்கும் ஒருசேர அறிவித்துக் கேட்டறிந்தது. பெயர்களை மையமாகப் பதிந்து வைக்கும் இடம் எதுவும் இருக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஐபிஎம்மில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம், தொலைவில் உள்ள கோப்பைத் தன் கணினியிலேயே உள்ள கோப்பைப் போலத் திறக்கவும் எழுதவும் உதவும் நெறிமுறை ஒன்றை வகுத்தார். இதுவே பின்னர் எஸ்எம்பி என வழங்கலாயிற்று. மைக்ரோசாஃப்ட் இதை விரிவுபடுத்தி, 1987இல் லேன் மேனேஜர் என்ற சர்வர் மென்பொருளில் பயன்படுத்தியது. தொடக்ககால எஸ்எம்பியில் கடவுச்சொல் ஆளுக்கு உரியதாக இல்லாமல், பகிரப்பட்ட கோப்புறைக்கு உரியதாக இருந்தது. அச்சொல்லை அறிந்தவர் எவரும் உள்ளே வரலாம் என்பதால், வந்தவர் யார் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. லேன் மேனேஜர்தான் ஆளுக்கொரு கணக்கு என்ற முறையைப் பரவலாக்கியது.

யூனிக்ஸ் உலகம் வேறு திசையில் நடந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் என்னும் நெறிமுறை, பயனர் ஒவ்வொருவரையும் யூஐடி எனப்படும் ஓர் எண்ணால் அடையாளம் கண்டது. கோப்பைக் கேட்கும் கணினி தன் பயனரின் எண்ணைத் தானே எழுதி அனுப்ப, சர்வர் அதை அப்படியே நம்பியது. ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கணினிகள் மட்டுமே இணைந்திருக்கும், அவற்றின் நிர்வாகி நம்பத்தக்கவர், எல்லாக் கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே எண்தான் இருக்கும் என்ற மூன்று அனுமானங்கள் இந்த ஏற்பாட்டின் அடியில் இருந்தன. ஆக, ஐபிஎம் மரபு அறிந்த கடவுச்சொல்லை வைத்தும், சன் மரபு அனுப்பிய எண்ணை வைத்தும் ஆளை அறிந்தன. 1990களின் தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒரே அலுவலகக் கம்பிவடத்தில் சந்தித்தபோது, ஒன்றின் விடையை மற்றொன்று ஏற்க முடியாத நிலை தோன்றியது.

கான்பெராவில் தொடங்கிய கூர்நோக்கு

இவ்விரு மரபுகளையும் இணைத்த முயற்சிகளில் நீடித்து நிலைத்தது ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கான்பெராவில் உள்ள அப்பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், டாஸ் இயங்குதளத்தில் இயங்கும் தனிக்கணினியிலிருந்து யூனிக்ஸ் சர்வரின் கோப்புகளை அணுக விரும்பினார். டாஸுக்கான என்எஃப்எஸ் மென்பொருள் அவரிடம் இருந்தபோதிலும், அவர் பயன்படுத்திய வேறொரு மென்பொருளுக்கு நெட்பயாஸ் இடைமுகம் தேவைப்பட்டதால் அந்த வழி பயன்படவில்லை. எனவே கம்பிவடத்தில் செல்லும் தரவுப் பொட்டலங்களைப் பதிவுசெய்யும் நிரல் ஒன்றை எழுதி, டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் சர்வருக்கும் தனிக்கணினிக்கும் இடையே நிகழும் உரையாடலைக் கவனித்து, அதே பதில்களைத் தரும் சர்வர் ஒன்றை யூனிக்ஸில் உருவாக்கி, 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூலநிரலுடன் வெளியிட்டார். தாம் கண்டறிந்த மொழி எஸ்எம்பி என்பதையே அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. 1994 முதல் சாம்பா என்ற பெயரைப் பெற்ற இத்திட்டத்தில் ஜெரமி ஆலிசன் உள்ளிட்ட பலர் இணைந்தனர்.

இந்த ஆய்வுமுறையை விளக்க, மொழி தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவகத்தில் அமர்ந்து, யார் என்ன கேட்டால் என்ன வருகிறது என்பதைக் கவனித்தே அம்மொழியைக் கற்பதை டிரிட்ஜெல் பின்னாளில் உவமையாகக் கூறினார். நெறிமுறையின் உரிமையாளர் ஆவணம் தராதபோதும், அதைப் பேசும் இரு கணினிகள் இருந்தால் அதைக் கற்க முடியும் என்ற இந்த நம்பிக்கை, மாற்று சர்வரை எழுதுவதற்கு மட்டுமன்றிப் பிழை தேடுவதற்கும் அடிப்படையாயிற்று. இரு கணினிகளின் கூற்றையும் ஒதுக்கிவிட்டு அவற்றுக்கிடையே உண்மையில் என்ன சென்றது என்பதைப் பார்ப்பது என்னும் பழக்கமே அதன் சாரம். 1998இல் ஜெரால்டு கூம்ஸ் வெளியிட்டு, 2006 முதல் வயர்ஷார்க் என்று வழங்கும் பொட்டல ஆய்வுக் கருவி அப்பழக்கத்தை எல்லாத் தொழில்நுட்பர்களுக்கும் எட்டச் செய்தது.

சாம்பாவுடன் வழங்கப்பட்ட ஆவணங்களில் பிழை கண்டறிதலுக்கென்று எழுதப்பட்டிருந்த ஒன்று இவ்வகையில் தனிக் கவனத்துக்கு உரியது. அது நோய்க்குறிகளையும் மருந்துகளையும் பட்டியலிடவில்லை. எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கிச் செல்லும் சோதனைகளை வரிசைப்படுத்தியது. அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை உண்டா என்று பார்த்தல், இரு கணினிகளும் ஒன்றையொன்று எட்டுகின்றனவா என்று பார்த்தல், சர்வர் தன் பகிர்வுகளின் பட்டியலைத் தனக்கே காட்டுகிறதா என்று பார்த்தல், நெட்பயாஸ் பெயரைக் கேட்டால் விடை வருகிறதா என்று பார்த்தல், கடவுச்சொல்லுடன் சர்வரிலிருந்தே பகிர்வுக்குள் நுழைந்து பார்த்தல், இறுதியாக விண்டோஸ் கணினியிலிருந்து நுழைந்து பார்த்தல் என அவ்வரிசை சென்றது. முந்தைய சோதனை தேறாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்ற ஒழுங்கே இதன் பயன். பிழையை ஊகித்து அமைப்புகளை மாற்றிக்கொண்டே போவதால் பழைய பிழையோடு புதியதும் சேரும் என்ற அனுபவ அறிவு அந்த ஒழுங்கில் பதிந்திருந்தது.

முதற்படி: பெயர்

நெட்பயாஸ் பெயர்கள் ஒருசேர அறிவிக்கும் முறையை நம்பியிருந்தன. வலையமைப்பின் பகுதிகளைப் பிரித்து இணைக்கும் ரவுட்டர்களோ அத்தகைய அறிவிப்புகளைப் பொதுவாகக் கடத்துவதில்லை. 1987இல் இணைய நெறிமுறைகளின் மேல் நெட்பயாஸை இயக்கும் முறை தரப்படுத்தப்பட்டபோது பெயர்களைப் பதிந்து வைக்கும் மையச் சர்வருக்கும் இடம் தரப்பட்டது. மைக்ரோசாஃப்ட் அதை வின்ஸ் என்ற பெயரில் நடைமுறைப்படுத்தியது. இருப்பினும், வலையமைப்பில் உள்ள கணினிகளின் பட்டியலைத் தொகுத்து வைக்கும் பொறுப்பு யாருக்கு என்பதைக் கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்தித் தீர்மானித்ததால், சாம்பா சர்வர் ஒன்றை யாரோ தவறாக அமைத்துவிட, அது தேர்தலில் வென்று, முழுமையற்ற பட்டியலை அலுவலகம் முழுவதற்கும் வழங்கும் நிலை ஏற்படக்கூடியதாக இருந்தது. பட்டியலில் தெரியாத சர்வரும் பெயரை நேரடியாகக் கொடுத்தால் திறக்கும் என்பதால், காண்பதும் அணுகுவதும் வெவ்வேறு என்பதே பிழை தேடுவோர் கற்ற முதல் பாடம்.

இரண்டாம் படி: கடவுச்சொல்

1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, டொமைன் என்ற அமைப்பை முன்னிறுத்தியது. டொமைன் என்பது பொதுவான பயனர் பதிவேடு ஒன்றை நம்ப உடன்பட்ட கணினிகளின் குழு. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர். பயனர் மட்டுமன்றி ஒவ்வொரு கணினியும் அதில் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் பெற்றது. கணினி தன் கடவுச்சொல்லைக் குறிப்பிட்ட இடைவெளியில் தானே மாற்றிக்கொள்ளும் ஆதலால், பழைய காப்பிலிருந்து மீட்கப்பட்ட கணினி பழைய கடவுச்சொல்லோடு எழுந்து நிற்க, டொமைன் அதை அறியாததாக ஒதுக்கிவிடும். பயனரின் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைய முடியாத இந்த நிலை இன்றும் காணப்படுகிறது.

இதைவிட ஆழமான முரண் கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறையில் இருந்தது. யூனிக்ஸ், விண்டோஸ் இரண்டுமே கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், அதிலிருந்து கணக்கிடப்படும், திரும்பக் கடவுச்சொல்லாக மாற்ற முடியாத ஹாஷ் எனப்படும் குறியீட்டை மட்டும் வைத்தன; ஆனால் கணக்கிடும் முறை வேறு. விண்டோஸ் முறையில் சர்வர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, பயனரின் கணினி தன் ஹாஷைக் கொண்டு அதை மாற்றித் திருப்பி அனுப்பும். சர்வரும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடும். யூனிக்ஸ் பதிவேட்டில் உள்ள ஹாஷை வைத்து இந்தக் கணக்கைச் செய்ய இயலாது. எனவே தொடக்கத்தில் சாம்பா, விண்டோஸ் கணினிகள் கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்புவதை நம்பியிருந்தது. 1997இல் வந்த விண்டோஸ் என்டி நான்காம் பதிப்பின் மூன்றாம் திருத்தத் தொகுப்பு, பாதுகாப்புக் கருதி, வெளிப்படையான கடவுச்சொல்லை அனுப்புவதை நிறுத்தியது. முந்தைய நாள்வரை இயங்கிய பகிர்வுகள் சர்வரில் எதுவும் மாறாமலேயே நின்றுபோயின. விண்டோஸ் கணினிகளின் அமைப்புகளைத் திருத்திப் பழைய வழக்கத்துக்குத் திரும்பலாம், அல்லது சாம்பாவில் விண்டோஸ் முறை ஹாஷ்களுக்கெனத் தனிக் கோப்பு அமைத்து எல்லோரையும் கடவுச்சொல்லைப் புதிதாகப் பதியச் செய்யலாம் என்ற இரண்டு வழிகளில், எளியதாயினும் முதலாவது பாதுகாப்பைக் கைவிடுவதாக இருந்தது. பாதுகாப்பைக் கூட்டும் மாற்றம் ஒன்று கலப்பு வலையமைப்பின் இணைப்பை அறுப்பதும், அவசரத்தில் பாதுகாப்பைத் தளர்த்தி இணைப்பை மீட்பதும் இதற்குப் பிந்தைய வரலாற்றில் பலமுறை திரும்ப நிகழ்ந்தன.

மூன்றாம் படி: சீட்டு

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000, ஆக்டிவ் டைரக்டரி என்ற புதிய டொமைன் அமைப்பைக் கொண்டுவந்தது. பெயர்களைக் கண்டறிய இணையத்தின் டிஎன்எஸ், பயனர் விவரங்களுக்கு எல்டேப், அடையாளச் சரிபார்ப்புக்குக் கெர்பரோஸ் எனப் பொதுத் தரங்களை அது தழுவியது. கெர்பரோஸ், 1983இல் எம்ஐடியில் தொடங்கிய அதீனா திட்டத்தில், ரோஜர் நீடமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978இல் முன்வைத்த கருத்தின் வழியில் உருவானது. அதன் ஐந்தாம் பதிப்பு 1993இல் தரமாக வெளியிடப்பட்டது. இதில் பயனர் தம் கடவுச்சொல்லை எந்தக் கோப்புச் சர்வருக்கும் காட்டுவதில்லை. எல்லோரும் நம்பும் மையம் ஒன்று அவருக்கு முதன்மைச் சீட்டு ஒன்றை வழங்க, அதைக் காட்டி அவர் ஒவ்வொரு சர்வருக்கும் உரிய தனிச் சீட்டைப் பெறுகிறார். சர்வர் தன்னிடமுள்ள சாவியால் அச்சீட்டைத் திறந்து படித்து அவரை ஏற்கிறது.

இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு வலிமையும் தனக்கே உரிய பிழை வகையைக் கொண்டிருந்தது. திருடப்பட்ட சீட்டை மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்க நேரம் பதியப்படுவதால், கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படும். சீட்டு சர்வரின் பெயருக்கு வழங்கப்படுவதால், அதே சர்வரைப் பதிவாகாத மறுபெயராலோ எண் முகவரியாலோ அழைத்தால் உரிய சீட்டு கிடைக்காமல், விண்டோஸ் சத்தமின்றி, தற்செயல் எண்ணை அனுப்பிச் சரிபார்க்கும் பழைய என்டிஎல்எம் முறைக்குத் திரும்பிவிடும். எல்லாம் இயங்குவதாகத் தோன்ற, பழைய முறையை ஒருநாள் தடைசெய்தபின்பே பிழை வெளிப்படும். டொமைன் கன்ட்ரோலரின் இருப்பிடமே டிஎன்எஸ்ஸில் பதியப்படுவதால், தவறான டிஎன்எஸ் சர்வரைச் சுட்டும் ஒரு வரி முழு டொமைனையும் மறைத்துவிடும். கடவுச்சொல்லைப் பற்றிய புகார் வரும்போது கடிகாரத்தையும் டிஎன்எஸ்ஸையும் முதலில் பார்க்கும் நிர்வாகிகளின் வழக்கம் இந்த அமைப்பிலிருந்து பிறந்தது.

பொதுத் தரத்தை ஏற்றபோதிலும் மைக்ரோசாஃப்ட் அதில் தனக்கே உரிய ஒரு பகுதியைச் சேர்த்தது. தரத்தில் உரிமை விவரங்களுக்கென விடப்பட்டிருந்த இடத்தில், பயனரும் அவர் சேர்ந்த குழுக்களும் பற்றிய விவரங்கள் தனி வடிவில் வைக்கப்பட்டன. அவ்வடிவத்தின் விளக்கம் கட்டுப்பாடுகள் மிகுந்த நிபந்தனைகளுடன் வெளியிடப்பட்டதால், கட்டற்ற மென்பொருளை எழுதுவோர் அதைப் பயன்படுத்த இயலவில்லை. கேட்பவர் யார் என்பதைப் பிற சர்வர்கள் அறிய முடிந்தது. அவர் எந்தெந்தக் குழுவினர் என்பதை அறியத் தடை இருந்தது.

நான்காம் படி: எண்ணும் உரிமையும்

அடையாளம் உறுதியான பின்னும் அதை மொழிபெயர்க்கும் வேலை எஞ்சியிருந்தது. விண்டோஸ் பயனரை எஸ்ஐடி எனப்படும் நீண்ட குறியீட்டால் அறிகிறது. அதில் டொமைனின் குறியீடும் அதனுள் அவருக்குரிய எண்ணும் சேர்ந்துள்ளன. யூனிக்ஸ் கோப்பு முறைமைக்குத் தெரிந்ததோ யூஐடி என்னும் ஒற்றை எண். 2001 அளவில் சாம்பாவில் சேர்ந்த வின்பைண்ட் என்னும் நிரல், டொமைன் பயனர்களுக்கு யூனிக்ஸ் எண்களை வழங்கி இவ்விடைவெளியை நிரப்பியது. முதலில் வந்தவருக்கு முதல் எண் என்ற முறையில் ஒவ்வொரு சர்வரும் தனித்தனியே எண்களை வழங்கியதால், ஒரே நபர் இரண்டு சர்வர்களில் இரண்டு எண்களைப் பெற்றார். இரண்டும் என்எஃப்எஸ் வழியாக ஒரே கோப்புத் தொகுப்பைப் பகிர்ந்தபோது, ஒருவரின் கோப்பு வேறொருவரின் கோப்பாகத் தோன்றியது. எஸ்ஐடியின் இறுதி எண்ணிலிருந்து கணக்கிட்டு யூஐடியைப் பெறுவதும், யூஐடியை ஆக்டிவ் டைரக்டரியிலேயே பதிந்து வைப்பதும் இதற்குத் தீர்வுகளாக அமைந்தன. எண்ணை அனுப்பி நம்பும் என்எஃப்எஸ் முறையில் ஒருவரின் குழு எண்கள் பதினாறுக்கு மேல் செல்லாது என்ற பழைய வரம்பும் இங்கே குறுக்கிட்டது: நூற்றுக்கணக்கான குழுக்களைத் தாராளமாக அனுமதிக்கும் டொமைனிலிருந்து வந்தவர், பதினேழாவது குழுவால் தமக்குக் கிடைத்த உரிமையை யூனிக்ஸ் பக்கத்தில் இழந்தார்.

உரிமைகளின் கட்டமைப்பும் வேறுபட்டது. யூனிக்ஸ் மரபில் உரிமையாளர், குழு, பிறர் என்ற மூவகையினருக்குப் படிக்க, எழுத, இயக்க என்ற மூன்று உரிமைகள் மட்டுமே உண்டு. விண்டோஸில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தனித்தனியே அனுமதியும் மறுப்பும் எழுதலாம். மேலுள்ள கோப்புறையின் உரிமை கீழுள்ளவற்றுக்கு இறங்கும். இதற்கு நிகராக யூனிக்ஸுக்கு வகுக்கப்பட்ட போசிக்ஸ் என்னும் தரத்தின் வரைவு 1998இல் நிறைவுபெறாமலே கைவிடப்பட்டதால், சாம்பா விண்டோஸ் உரிமைப் பட்டியலைக் கோப்போடு இணைந்த கூடுதல் பண்புகளில் சேமிக்கும் வழியை நாடியது. பகிர்வின் மீது ஓர் உரிமை, கோப்பின் மீது மற்றோர் உரிமை என இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும் என்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் திருத்தியவருக்குப் பயன் கிட்டுவதில்லை.

கோப்பின் பெயரும் இந்த எல்லைக்கோட்டில் சிதைந்தது. சாம்பாவின் பழைய பதிப்புகள் எழுத்துகளுக்கு எண் தரும், மொழிக்கொரு எட்டுப்பிட் குறிப்பக்கத்தை நம்பியிருந்தன. விண்டோஸில் தமிழுக்கு அத்தகைய குறிப்பக்கம் இல்லாமல், விண்டோஸ் 2000 முதல் யூனிகோடு வழியாக மட்டுமே ஆதரவு கிடைத்ததால், 2003 செப்டம்பரில் யூனிகோடு ஆதரவுடன் மூன்றாம் பதிப்பு வரும்வரை, தமிழில் பெயரிட்ட கோப்பு சாம்பா சர்வரைச் சிதையாமல் கடக்க வழியிருக்கவில்லை.

ஆவணம் திறந்த வழக்கு

கூர்நோக்கால் கற்கக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அரிதாக நிகழும் உரையாடலைக் கவனித்துக் கற்பதற்குள் அது ஒரு வலையமைப்பை முடக்கிவிடக்கூடும். சன் நிறுவனம் 1998இல் அளித்த புகாரில் தொடங்கிய விசாரணையின் முடிவில், ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச் 24 அன்று, சர்வர்கள் இணைந்து இயங்கத் தேவையான நெறிமுறை விவரங்களை மைக்ரோசாஃப்ட் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என ஆணையிட்டு, 49.7 கோடி யூரோ அபராதமும் விதித்தது. சாம்பா குழுவினர் இந்த வழக்கில் தொழில்நுட்பச் சாட்சியம் அளித்தனர். 2007 செப்டம்பர் 17 அன்று ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றம் ஆணையின் சாரத்தை உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில், சாம்பா குழு சார்பாக இயங்கிய ஓர் அறக்கட்டளை, 10,000 யூரோவை ஒரே தவணையாகச் செலுத்தி ஆவணங்களைப் பெறும் ஒப்பந்தத்தை மைக்ரோசாஃப்டுடன் செய்துகொண்டது. 2008இல் மைக்ரோசாஃப்ட் அவ்வகை ஆவணங்களைப் பொதுவில் வெளியிடத் தொடங்கியது. 2012 டிசம்பர் 11 அன்று வெளிவந்த சாம்பா நான்காம் பதிப்பு, ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகவே செயல்படும் திறனைப் பெற்றிருந்தது. ஒரு தொழில்நுட்பர் பொட்டலப் பதிவில் காணும் புரியாத பைட் ஒன்றின் பொருளை இன்று ஆவணத்தில் தேடிப் படிக்க முடிகிறதென்றால், அதற்கு இந்த வழக்கும் அதன் பின்னணியில் நின்ற மென்பொருளாளர்களின் பிடிவாதமுமே முதன்மைக் காரணங்கள்.

பழையதை விலக்குதல்

2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னகிரை தாக்குதல், எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அவ்வாண்டின் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு அப்பதிப்பை இயல்பாக நிறுவுவதை நிறுத்தியது. சாம்பா 2019இல் அதையே செய்தது. அப்பதிப்பு மட்டுமே தெரிந்த பழைய ஸ்கேனர்களும் சேமிப்புக் கருவிகளும் அதனால் வலையமைப்பிலிருந்து அறுந்தன. கணினிகளைப் பட்டியலிடும் பழைய தேர்தல் முறையும் அதனுடனே மறைந்தது. 1997இல் கடவுச்சொல் விஷயத்தில் எழுந்த அதே இரு வழிகளுள் ஒன்றை நிர்வாகிகள் மீண்டும் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. என்டிஎல்எம் முறையையும் படிப்படியாக விலக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்துள்ளதால், எண் முகவரியாலும் பதிவாகாத பெயராலும் இத்தனை ஆண்டுகள் மறைந்து இயங்கிவந்த இணைப்புகள் இனி வெளிச்சத்துக்கு வரும்.

இந்த நாற்பதாண்டு வரலாற்றில் எந்த அடுக்கும் தனக்கு முந்தியதை முழுவதுமாக அகற்றவில்லை. ஒவ்வொன்றும் பழையதன் மேல் அமர்ந்து, இணைய முடியாதபோது பழையதற்கே திரும்பியது. அந்தத் திரும்புதல் பிழையை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்ததாலேயே, இயங்குவதை இயங்கும் காரணத்தோடு அறிந்துவைப்பது இத்தொழிலின் கடமையாகிறது. எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியையும் தனியே சோதிக்கும் ஒழுங்கைச் சாம்பாவை எழுதியவர்கள் தம் நிரலோடு சேர்த்தே வழங்கினார்கள். நெறிமுறைகள் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கும்வரை அவ்வொழுங்கைப் பின்பற்றிப் பிழையின் இடத்தை எவரும் கண்டடைய முடியும்.